ஏழாம் எண் எருமைக்கண்ணி

வாகைமடைக் குளத்தங்கரையில், தெற்கு மடைக்குச் சற்றுத் தள்ளி, கம்பிவலை போட்ட பதினாறடிச் சதுரத்துக்குள் முப்பிடாதி மாட்டிக்கொண்டது ஓர் ஆவணி மாதம், மூன்றாவது வியாழக்கிழமை, பகல் பதினொரு மணி வாக்கில். நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், அப்போது ஆபீஸர் ஞானதிரவியம் ஆஜர் எடுத்துக்கொண்டிருந்தார். ஆஜர் ஆட்களுக்கு இல்லை, செடிகளுக்கு.

எருமைக்கண்ணி என்று நாங்கள் சொல்கிற அந்தச் செடி முழங்கால் உயரம்கூட வராது; கரையோரச் சேற்றில் முளைக்கும்; உச்சிவெயிலில் மட்டும் ஊதா நிறத்தில் ஒரு பூ திறந்து, எருமை ஒரு முங்கு முங்கி எழுவதற்குள் மூடிக்கொள்ளும். முன்பெல்லாம் எங்கள் வீட்டுப் பெண்கள் அதைப் பிடுங்கிச் சட்டி தேய்த்தார்கள், எருமைகள் மிதித்தன, ஒருத்தரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. பிறகு முழங்கால்வரை பூட்ஸ் போட்ட இரண்டு பேர் வெளியூரிலிருந்து வந்து, மூன்று நாள் கரையில் குப்புறப் படுத்துப் பார்த்துவிட்டு, இந்தச் செடி உலகத்தில் வேறு எங்கும் இல்லை, இங்கேயும் பதினொன்றுதான் மிச்சம் என்றார்கள். அதோடு வேலி வந்தது, போர்டு வந்தது, திட்டம் என்று ஒன்று வந்தது, எருமைகள் வெளியே போயின. பதினொரு செடிக்கும் கம்பியில் கோத்த தகர வில்லை மாட்டி, வில்லையில் எண் அடித்தார்கள். காவலுக்கு முப்பிடாதியைப் போட்டார்கள்.

முப்பிடாதிக்கு வயது நாற்பத்து நான்கு. புருஷன் போய்ச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் சந்தனமாரியைக் கடலோரத்தில் உப்பளக் காலனியில் ஒரு லாரி டிரைவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள். அலையாத அலைச்சல் அலைந்து வாங்கிய வேலை என்பதால் செடிகளை வீட்டுப் பிள்ளைகளைப் போலத்தான் பார்த்தாள். ஆனாலும் ஏழாம் எண் செடி பட்டுப்போனது. எருமை மிதிக்காத சேறு இறுகிப்போய் வேருக்கு மூச்சு முட்டியிருக்கும் என்று இன்றைக்கு நாங்கள் ஆளுக்கு ஆள் சொல்கிறோம். அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நீதான் தண்ணீர் காட்டாமல் கொன்றாய் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, செத்த செடியை அவள் வேலி மூலையில் புதைத்துவிட்டாள், வில்லையை மட்டும் கொட்டைப்பாக்கு முடிகிற மாதிரி முந்தியில் முடிந்துகொண்டாள்.

ஆஜர் எடுப்பதற்கு ஆபீஸர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சேற்றில் இறங்கினால் பேன்ட் வீணாகிவிடும் என்பதால், வேலிக்கு வெளியே ஒரு கல்லின்மேல் நின்று, பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடுவார். முப்பிடாதி உள்ளே குனிந்து அந்தந்தச் செடியின் வில்லையைத் தொட்டு "இருக்கு" என்பாள். அவர் டிக் போட்டுக்கொள்வார். அன்றைக்கு ஆறுவரை குனிந்து சொன்னாள். "ஏழு" என்று கேட்டதும் குனிவதற்கு அங்கே ஒன்றும் இல்லாததால், நின்ற வாக்கில் முந்தியைப் பிடித்துக்கொண்டு "இருக்கு" என்றாள். பதினொன்றும் முடிந்தது, ஆபீஸர் ஜீப்பில் ஏறிப் போனார், முப்பிடாதி வேலிக் கதவைத் திறந்து வலது காலை வெளியே எடுத்து வைத்தாள். வைத்த கால் உள்ளே விழுந்தது.

மறுபடியும் வைத்தாள், மறுபடியும் உள்ளே விழுந்தது. முந்தியை அவிழ்த்து வில்லையை எறிந்துவிட்டு வைத்தாலும் அப்படித்தான். எங்கள் ஊராட்சித் தலைவர் கொம்பையாவும் இன்னும் மூன்று பேரும் கையைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்தவர்கள் வெளியே வந்து விழுந்தார்கள், அவள் மட்டும் உள்ளேயே நின்றாள். கோயில் பூசாரி திருநீறு போட்டார். கரண்டுக்காரர் வந்து வேலியைத் தொட்டுப் பார்த்து எர்த் கோளாறு இல்லை என்றார். நர்சம்மா பிரஷர் பார்த்து நார்மல் என்று எழுதிக்கொடுத்தார். மூன்றாம் நாள், குளத்தில் எத்தனை அடித் தண்ணீர் கிடக்கிறது என்று கேட்பதைப் போல, முப்பிடாதி இன்னும் உள்ளேதானா என்று கேட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தோம்.

நாங்கள் கெட்டவர்கள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மிச்சத்தைக் கேட்ட பிறகு சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்த வாரமே ஓலை வேய்ந்து அவளுக்கு ஒரு கூரை போட்டோம். குளிக்கிறதுக்கும் கொள்கிறதுக்கும் மூலையில் ஒரு தட்டி மறைப்பு வைத்தோம். வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை போட்டுச் சோறு கொண்டுபோனோம், மாவு மில் வைத்திருக்கிற என் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை. பீடி சுற்றுகிற பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை முழுவதையும் அவளிடம் கொட்டிவிட்டுப் போனார்கள். கோயில் கொடையில் அம்மன் சப்பரத்தைக் கரைமேல் திருப்பி அவளுக்குத் தீபாராதனை காட்டினோம். தேர்தலுக்கு ஓட்டுப்பெட்டியே நடந்து வந்தது. ரேஷன் கார்டில் கதவு எண் இருக்க வேண்டிய இடத்தில் 'செடி வேலி' என்று போட்டுக்கொடுத்தார்கள். ஆபீஸர் தன் பங்குக்கு, ஒரு நாளும் பணியிடத்தை விட்டு அகலாத காவலர் என்று ஒரு பாராட்டுப் பத்திரம் வாங்கிக்கொடுத்தார். அதைக் கண்ணாடி போட்டுக் கூரைக்காலில் மாட்டினோம். அவளுக்கு என்ன குறை என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம், அப்படிப் பேசிக்கொள்வது நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த ஆஜர் கார்த்திகையில். அதற்கு நாலு நாள் முன்னால் முப்பிடாதி கொம்பையாவைக் கூப்பிட்டு, செடி செத்ததையும் தான் குரல் கொடுத்ததையும் சொல்லி, இந்தத் தடவை ஏழுக்கு வாயைத் திறக்கமாட்டேன், திறக்காவிட்டால் விட்டுவிடும் என்று தோன்றுகிறது என்றாள். கொம்பையா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். திட்டத்தின் விதியை அன்றைக்குத்தான் எங்களுக்கெல்லாம் அவர் வாசித்துக் காட்டினார்: பதினொன்றுக்கு ஒன்று குறைந்தாலும் மிச்சச் செடிகளைத் தோண்டி நகரத்தில் ஒரு கண்ணாடி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், குளம் திட்டத்திலிருந்து கழன்றுவிடும், கழன்ற மறுநாள் நாலுவழிச் சாலைக்காரன் கிழக்குப் பாதியைத் தூர்க்க லாரியில் மண்ணோடு வருவான். எங்கள் வயல் அத்தனையும் அந்தக் கிழக்கு மடையில் பாய்வது. ஊரே திரண்டு வேலியைச் சுற்றி நின்றது. யாரும் அவளை அதட்டவில்லை, கைதான் கூப்பினோம். இந்த ஒரு தடவை மட்டும் சொல்லிரு தாயி என்றோம். சொன்னாள். மாசியிலும் அந்த ஒரு தடவை, வைகாசியிலும் அந்த ஒரு தடவை.

வேலிக்குள் அவளுக்குத் துணை என்று இருந்தது ஒரு கானாங்கோழி. வெள்ளை மூஞ்சியும் வெள்ளை நெஞ்சும் வாலுக்கடியில் செங்கல்பொடி நிறமுமாக, எந்தக் குட்டையைப் பார்த்தாலும் நாலு நிற்குமே, மழை வருமுன் 'குவாக் குவாக்' என்று ஊர்த் தூக்கத்தைக் கெடுக்குமே, அதுதான். கம்பிவலைக்கு அடியில் உடம்பைக் குறுக்கி நுழைந்து, அவள் தட்டு ஓரத்துப் பருக்கையைக் கொத்திவிட்டு, வாலை வெடுக்கென்று ஆட்டிக்கொண்டு வெளியே போய்விடும். ஒரு செவ்வாய்க்கிழமை நான் சோறு கொண்டுபோனபோது அவள் செடியையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, இந்தச் செடியில ஒண்ணு செத்தா நாட்டுக்கே தெரியணும்னு எழுதி வச்சிருக்கு. இந்தக் கோழியில ஒம்பது செத்தாலும் பூனைக்கு மட்டுந்தான் தெரியும். ஆனா யாரு உள்ள கெடக்கா, யாரு வெளிய போறான்னு பாத்தியளா?" என்றாள். பிறகு, "நானும் கோழி வகைதான். எம்மாதிரி ஊருக்கு நூறு பேரு. செடிக் கணக்குல போயி நின்னுட்டேன்" என்றாள்.

நான் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது ஆவணி பிறந்தபோது சந்தனமாரிக்கு ஏழு மாதம். தலைப்பிரசவம், தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். ஆனால் உடம்பில் நீர் ஏறிக் கால் இரண்டும் வீங்கிப்போய், பஸ்ஸில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. அவளுக்கு மாமியார் கிடையாது, புருஷன் லாரியில் போனால் வாரம் கழித்துத்தான் வருவான். போனில் அவள் அழவில்லை. "எம்மா, நீ வந்துருவேல்லா?" என்று மட்டும் கேட்டாள். முப்பிடாதி வந்துருதேன் என்றாள். அன்றைக்கு அந்தப் பக்கம் போன ஒவ்வொருத்தரிடமும், இந்தத் தடவை ஏழுக்கு நான் பேசமாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள்.

நாங்கள் போய் நின்றோம், வேறென்ன செய்வோம். மகளுக்குத் துணையாக ஊரிலிருந்து இரண்டு பெண்களை அனுப்புகிறோம் என்றோம். ஐப்பசியில் பிள்ளை, கார்த்திகை ஆஜரில் உன்னை விட்டுவிடுகிறோம் என்றோம். அவள் எங்கள் வயலைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், பிறகு தட்டோரத்தில் கொத்திக்கொண்டிருந்த கானாங்கோழியைப் பார்த்தாள். குளம் போகாமல் நான் போக ஒரு வழி இருக்கிறது என்றாள். அது அவளுக்குப் பழகிய கோழி. கையை நீட்டியதும் ஓடாமல் நின்றது. ஏழுக்குத் தனக்குப் பதிலாக அது கத்தட்டும் என்று, அன்றைக்கு எறிந்து பிறகு பொறுக்கி வைத்திருந்த ஏழாம் எண் வில்லையை அதன் காலில் கம்பியோடு முறுக்கி மாட்டினாள். மாட்டும்போது அதனிடம் என்னமோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. பாவம் என்று யாரோ சொன்னதற்கு, நாட்டில் இல்லாத கோழியா என்று கொம்பையா சொன்னார். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

வியாழக்கிழமை ஆபீஸர் கல்லில் ஏறினார். ஊர் முழுக்க வேலியைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆறு முடிந்து "ஏழு" என்றதும், காலில் புதிதாக ஏறிய கனத்தில் எரிச்சலாக இருந்த கானாங்கோழி 'குவாக்' என்று கத்தியது. கத்தியதோடு காரியம் முடிந்திருக்கும். ஆனால் ஒரு வருஷமாகப் பழகிய வாய், யாரைக் கேட்டுக்கொண்டும் திறக்கிறதில்லை. அதே நொடியில் முப்பிடாதியின் வாயும் "இருக்கு" என்றுவிட்டது.

"ஒரு தடவ சொன்னாப் போதும்மா" என்றார் ஆபீஸர், தலையைத் தூக்காமல்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜீப் போன பிறகு கானாங்கோழி, தன்னைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லாததாலோ என்னமோ, வழக்கம்போலக் கம்பிக்கு அடியில் நுழைந்து, வில்லை கல்லில் உரசிச் சத்தம் போட வெளியே போய்விட்டது. அது கரையேறியதும் முப்பிடாதியின் கால் தானாகவே எழுந்தது, கதவைத் தாண்டிவிட்டாள். நாங்கள் சத்தம் போட்டோம். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள், கரை முடிகிற புளியமரத்தடிவரைக்கும் ஓடினாள், அதற்கப்புறம் எடுத்து வைத்த கால் மரத்துக்கு இந்தப் பக்கமே விழுந்தது. அந்தக் கானாங்கோழி பிறந்ததிலிருந்து அந்த மரத்தைத் தாண்டியதில்லை. ஏழாம் எண் எங்கேயோ அங்கேதான் அவளும் என்று ஆகிவிட்டது.

பறவை என்றால் வானம் முழுக்க அதற்குத்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கானாங்கோழிக்குப் பறக்கத் தெரியும், ஆனால் அதைத் தொந்தரவு என்று நினைக்கிற இனம் அது. தண்ணீரும் புதரும் இல்லாத பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. குளம், வாழைத்தோட்டத்து வாய்க்கால், கோயில் தெப்பக்குளம், அவ்வளவுதான் அதன் உலகம். முப்பிடாதி அந்த உலகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். விரட்டினால் கோரைக்குள் ஒளிந்துகொண்டு அரை நாள் வெளியே வராது. கெஞ்சினால் அதற்குப் புரியாது. நாங்கள் வலை வீசிப் பார்த்தோம், கூடையைக் கவிழ்த்துப் பார்த்தோம். ஒரு தடவை ஏமாந்த கோழி மறு தடவை ஏமாறவில்லை. புரட்டாசி போயிற்று. பஸ் ஒரு நாளைக்கு நாலு தடவை புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, அவளைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

ஐப்பசி அடைமழையில் குளம் பெருகி, மிஞ்சிய தண்ணீர் மறுகாலில் பாய்ந்தது. எங்கள் பக்கத்துக் குளங்கள் ஒன்றின் மறுகால் அடுத்ததற்கு வரத்து, அதன் மறுகால் அதற்கடுத்ததற்கு, இப்படியே ஐந்து குளம் கைகோத்துக் கடலோரம்வரைக்கும் போகிறவை. கரை நிறைந்து கூட்டில் தண்ணீர் ஏறியதும், கானாங்கோழி இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் மறுகால் ஓடையில் இறங்கி நடக்க ஆரம்பித்தது. முப்பிடாதி ஒரு பையை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். செங்கணான்குளத்தில் நாலு நாள், புதுக்கட்டளைக் குளத்தில் ஒன்பது நாள், அது நத்தை பொறுக்குகிற வேகம்தான் அவள் வேகம். அது உட்கார்ந்தால் உட்கார்ந்தாள், அது எழுந்தால் எழுந்தாள். நாங்கள் முறை மாறாமல் ஒவ்வொரு குளத்துக்கும் சோறு கொண்டுபோனோம். அந்தந்த ஊர்க்காரர்கள் எட்டிப் பார்த்து, ஏழாம் எண்ணா என்று கேட்டுவிட்டு, நனையாமல் இருக்க ஒரு சாக்கைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

புதுக்கட்டளைக் கரையில்தான் போன் வந்தது. சந்தனமாரியோடு நாங்கள் அனுப்பிய பெண்கள் இருந்தார்கள். பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம் என்றார்கள். குழந்தையின் அழுகையைப் போனில் கேட்கவைத்தார்கள். முப்பிடாதி போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, கோரைக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்த கானாங்கோழியைப் பார்த்து, "கொஞ்சம் நடயேன் தாயி" என்றாள். அன்றைக்கும் சோற்றுச்சட்டியோடு நின்றவன் நான்தான். அவள் அழுததைப் பார்த்த பிறகும் திரும்பி வந்து என்னால் மில்லைத் திறக்க முடிந்தது.

கார்த்திகை ஆஜரன்று பத்துச் செடிக்கும் அன்றைக்கு மட்டும் நிறுத்திய ஓர் ஆள் குரல் கொடுத்தார். ஏழாம் எண் கடைசிக் குளத்தில் இருக்கிறது என்று கொம்பையா சொன்னதும், ஆபீஸர் பதிவேட்டில் 'இடம்' என்ற கட்டத்தில் வாகைமடையை அடித்து உப்போடைக்குளம் என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். நானும் கொம்பையாவும் கூடவே ஏறிக்கொண்டோம். உப்போடைக்குளத்துக்கு அப்பால் தண்ணீர் இல்லை, உப்புப் பாத்திதான். கானாங்கோழி அதற்குமேல் போகாது. குளத்துக்கரை, கரையை ஒட்டி ஒரு தார்ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனி, காலனியில் முதல் வீடு சந்தனமாரியுடையது. கரையில் உட்கார்ந்தால் அந்த வீட்டுக் கொடியில் காய்கிற துணி தெரியும். முப்பிடாதி அங்கே வந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

நாங்கள் போய் இறங்கியபோது சந்தனமாரி ரோட்டைத் தாண்டி வந்து குழந்தையை அம்மா கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆபீஸர் ஒரு கல்லைத் தேடி ஏறி, பதிவேட்டைத் திறந்து, தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏழு."

கானாங்கோழி கோரைக்குள் எங்கேயோ மேய்ந்துகொண்டிருந்தது, சத்தமே இல்லை. முப்பிடாதி பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்த குழந்தை, கை மாறிய கோபத்திலோ வெயில் பட்டதாலோ, முகம் சிவந்து, உதடு பிதுங்கி, அழுவதற்கு வாயைத் திறந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அழுதுவிட்டால் குளம் தப்பித்துவிடும் என்று ஒரு நொடி நான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன், கொம்பையாவும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஆபீஸர் பேனாவை டிக் போட வைத்தார்.

"இல்ல" என்றாள் முப்பிடாதி. குழந்தையின் வாயை நெஞ்சோடு சேர்த்து அமர்த்திக்கொண்டு, குளத்துக்கு அக்கரையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னாள்: "இல்லய்யா. ஏழு செத்துப்போச்சு. போன வருசம் ஆவணியிலயே செத்துப்போச்சு. நாந்தான் பொதச்சேன். இங்க இருக்கது எம்பேத்தி. இவள எழுதிராதிய."

ஆபீஸர் தலையைத் தூக்கினார். எனக்குத் தெரிந்து ஆஜர் நடுவில் அவர் தலையைத் தூக்கியது அந்த ஒரு தடவைதான். அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஏழை அடித்துவிட்டு, கீழே கூட்டுத்தொகையில் பத்து என்று எழுதினார். அப்போதுதான் குழந்தை அழுதது, நன்றாக, ஆசை தீர அழுதது.

குளம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கடிதம் இன்னும் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் ஊர் முழுக்க வாசலுக்கு வருகிறது. கல்யாணத்துக்கோ கொடைக்கோ நாள் குறிக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. இப்போது நாங்கள்தான் உள்ளே இருக்கிறோம். வேலிக் கதவைச் சாத்த ஆள் இல்லாமல் எருமைகள் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கின்றன. யாரும் விரட்டுவதில்லை. வில்லை மாட்டிய கானாங்கோழியை உப்போடைக்குளத்தில் இப்போதும் பார்க்கலாம் என்கிறார்கள், மற்ற கோழிகளோடு நின்றால் எது என்று தெரியாதாம்.

அன்றைக்கு நாங்கள் ஜீப்பில் ஏறாமல் நின்று பார்த்தோம். கொம்பையா கை இரண்டையும் கூப்பியிருந்தார், எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது. முப்பிடாதி பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, மகள் முன்னால் நடக்க, கரையிலிருந்து ரோட்டுக்கு இறங்குகிற இடம்வரை வந்தாள். ஆறு நாளாக அந்த இடத்தில்தான் கால் திரும்பி விழுந்துகொண்டிருந்தது. கொஞ்சம் நின்றாள், குழந்தையின் தலைக்கு ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு வலது காலை எடுத்து ரோட்டில் வைத்தாள். வைத்த கால் வைத்த இடத்திலேயே இருந்தது.